போர்ஷே 911 எஸ்சி: கியர் லீவர் கூழுக்குள்ள விட்ட அகப்பை மாதிரி ஆடுது. லீவர் இணைப்பை மாத்தினா போதுமா, கியர் பெட்டியைத் திறக்கோணுமா?

வடலி82 (லுட்விக்ஸ்பூர்க்)
மார்ச் 2, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரமா எழுதுறன்.

என்னட்டை 1982ஆம் ஆண்டு 911 எஸ்சி ஒண்டு இருக்கு. 3.0 லீற்றர், 204 குதிரைவலு, 915 வகைக் கியர்பொக்ஸ். போன வருசத்துக்கு முதல் வருச இலையுதிர்காலத்தில வாங்கினனான். எஞ்சின் நல்ல சுகமா ஓடுது. பிரச்சினை முழுக்கக் கியரில.

1. நியூட்ரலில விட்டுட்டு லீவரைப் பிடிச்சா நாலு விரல் அகலத்துக்கு அங்கால இங்கால போகும்.
2. இரண்டாவது கியரைத் தேடித்தான் பிடிக்கோணும். காலமை குளிருக்குள்ள எண்டா கறகற எண்டு ஒரு சத்தம்.
3. போன கிழமை சிவப்பு விளக்கடியில முதலாவது எண்டு நினைச்சுப் போட்டது மூண்டாவதில விழுந்து, பின்னால நிண்டவர் ஹோர்ன் அடிக்க எஞ்சினும் நிண்டுபோச்சு.

இஞ்ச ஒரு கராஜில காட்டினன். லீவரை ரெண்டு தரம் ஆட்டிப் பாத்திட்டு "கியர்பொக்ஸ் இறக்கி முழுசாச் செய்யோணும்" எண்டு ஆயிரக்கணக்கில யூரோ சொன்னார்கள். ஒரு மூடியைக்கூடத் திறந்து பாக்கேல்லை. மனம் ஒப்பேல்லை.

எனக்கு ஒரு ஷோர்ட் ஷிஃப்ட் கிட் (லீவர் போற தூரத்தைக் குறைக்கிறது) போட விருப்பம். இன்னொண்டு, வண்டி எச் நம்பர்தட்டில (இஞ்ச பழங்கால வண்டிகளுக்குக் குடுக்கிறது) ஓடுது. அதால கண்டபடி மாத்தவும் பயம். எங்க இருந்து தொடங்கிறது?

---

கடைசல்காரர்_கோவை (கோயம்புத்தூர்)
மார்ச் 3, காலை 6.40

வாங்க தம்பி. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேனுங்க, பெட்டியை இறக்காதீங்க. நான் 911 மெக்கானிக் இல்லீங்க. லேத் போட்டு முப்பத்தி ரெண்டு வருசமாச்சு, செட்டிபாளையம் டிராக்ல ஓடற வண்டிகளுக்கும் பழைய இம்போர்ட் வண்டிகளுக்கும் கியர் லிங்கேஜ் புஷ் (இணைப்புல உக்கார்ற சின்ன உருளை வளையம்) கடைஞ்சு கொடுத்திருக்கறேன். எந்த வண்டியா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதானுங்க.

கியர் லீவர்ங்கறது ஒரு நெம்புகோல். பந்து உக்கார்ற எடத்துக்கு மேல 30 செ.மீ., கீழ 6 செ.மீ.ன்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குங்க. அஞ்சுக்கு ஒண்ணு. அப்ப கீழ ஒரு புஷ் 1 மி.மீ. தேஞ்சாலே மேல குமிழ்ல 5 மி.மீ. ஆட்டம் தெரியும். உங்க வண்டில லீவருக்கும் பெட்டிக்கும் நடுவுல மூணு நாலு எடத்துல புஷ் இருக்கும். ஒவ்வொண்ணும் நாப்பது வருசம் தேஞ்சிருந்தா நாலு விரல் ஆட்டம் வர்றதுல அதிசயமே இல்லீங்க.

ஷார்ட் ஷிஃப்ட் பண்றது என்னன்னா அந்த அஞ்சுக்கு ஒண்ணை நாலுக்கு ஒண்ணாக் கொறைக்குது. கை போற தூரம் கம்மியாகும், ஆனா தேஞ்ச புஷ் தேஞ்சதாவேதான் இருக்கும். கூடவே கைக்குத் தர்ற பலமும் கால் பங்கு அதிகமாகணும். ரெண்டாவது கியர் ஏற்கெனவே மொரண்டு பிடிக்குதுன்னு சொல்றீங்க. அது மேல இன்னும் பலம் போட்டு இடிக்கறது நல்லதுங்களா?

மொதல்ல தேய்மானத்தை எடுங்க. அப்புறம் அட்ஜஸ்ட்மெண்ட். கிட் பத்தின பேச்சு அதுக்கும் அப்புறம்.

---

மேப்பிள்_எஸ்சி (ரொறொன்ரோ)
மார்ச் 3, இரவு 8.05

தம்பி, என்ரையும் எஸ்சிதான், 1979. இதே கதையை ஆறு வருசத்துக்கு முதல் நான் பட்டனான். கோவை ஐயா சொல்லுறதை அப்படியே கேளுங்கோ. எங்கட வண்டியில எது எங்க இருக்கு எண்டதை நான் சொல்லுறன்.

முன்னால இருந்து போனா, முதல் இடம் லீவரின்ர அடி. லீவரின்ர கீழ் நுனி ஒரு உருண்டை. அது நீளமான கியர் ராட்டின்ர முன்பக்கம் இருக்கிற பிளாஸ்ரிக் கிண்ணத்துக்குள்ள இருக்கும். அந்தக் கிண்ணம் வெடிச்சா லீவர் போன பிறகுதான் ராட் போகும். இரண்டாவது, அந்த ராட் ஆடாமல் நேராப் போக டனலுக்குள்ள (வண்டித் தரைக்கு நடுவால போற மேடு) ஒரு பிராக்கெட்டில இருக்கிற வழிகாட்டிப் புஷ். மூண்டாவதுதான் பெரிய கள்ளன்: பின் சீற்று ரெண்டுக்கும் நடுவில, கார்ப்பெற்றைத் தூக்கினா ஒரு சின்ன மூடி. அதுக்குக் கீழ கப்லர். ராட்டையும் கியர்பொக்ஸுக்குள்ள இருந்து வாற தண்டையும் இணைக்கிறது அதுதான். அதுக்குள்ள ரெண்டு பிளாஸ்ரிக் புஷ்.

ஒரு பொருளும் வாங்க முதல் ரெண்டு பரிசோதனை செய்யுங்கோ.

எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதிச்சு, நாலைஞ்சு விநாடி பொறுத்து ரிவேர்ஸைப் போடுங்கோ. ரிவேர்ஸுக்குச் சிங்க்ரோ (கியர் விழ முதல் வேகத்தைச் சமப்படுத்திற வளையம்) கிடையாது. சத்தமில்லாமல் விழுந்தா கிளட்ச் ஒழுங்காக விடுகுது. கறகற எண்டா கிளட்ச் இழுக்குது, அப்ப கியர் இணைப்பை என்ன செய்தும் பிரயோசனமில்லை. கேபிளையும் கிளட்ச் கையையும் முதல் பாக்கோணும்.

மற்றது, எஞ்சினை நிப்பாட்டிப் பின் சீற்றடியில இருக்கிற அந்தச் சின்ன மூடியைத் திறந்துபோட்டு ஆரையாவது முன்னுக்கு இருத்தி லீவரை மெல்ல ஆட்டச் சொல்லுங்கோ. நீங்கள் லைற் அடிச்சு கப்லரைப் பாருங்கோ. லீவர் ஆடி எவ்வளவு நேரம் கழிச்சுப் பெட்டித் தண்டு அசையுது எண்டு பாத்தா உங்களுக்கே விளங்கும்.

---

பேஏரியா_மணி (ஃப்ரீமான்ட்)
மார்ச் 4, காலை 7.30

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என் வண்டி 1983. பிளாஸ்டிக் புஷ் ரெண்டு தடவை மாத்தினேன். மூணாவது தடவை பொறுமை போச்சு. பந்து பேரிங் போட்ட கப்லர், முன்னாடி கேட் (லீவரைச் சரியான வரிசைக்கு வழிகாட்டற தடுப்பு) வெச்ச புது ஷிஃப்டர், ரெண்டையும் ஒரே நாள்ல போட்டேன். துப்பாக்கி போல்ட் இழுக்கற மாதிரி ஒவ்வொரு கியரும் "டக்"னு உக்காருது. நாலு வருஷமாச்சு, ஒரு துளி ஆட்டம் இல்ல.

வேலை என்னமோ ஒண்ணுதான். டனலைத் திறக்கறோம், லீவரைக் கழட்டறோம். திறந்தது திறந்தாச்சு, நல்ல பொருளாவே போட்டுடலாமே? பழைய டிசைனுக்குப் பழைய பிளாஸ்டிக்கையே போட்டா இன்னும் சில வருஷத்துல இதே இழைக்குத் திரும்பி வருவீங்க.

---

வடலி82
மார்ச் 8, மாலை 5.20

இண்டைக்குச் சனி. காலமையில இருந்து வண்டிக்குள்ளதான்.

அக்கா சொன்ன ரிவேர்ஸ் பரிசோதனை: அஞ்சு விநாடி பொறுத்தன், சத்தமே இல்லை. மூண்டு தரம் செய்து பாத்தன். கிளட்ச் சரி.

பிறகு பின்பக்கம். கார்ப்பெற் பசையோட கல்லா இறுகிப்போயிருந்தது, மெல்ல மெல்ல உரிச்செடுத்தன். மூடியைக் கழட்டி லைற் அடிச்சா முதல் கண்ணில பட்டது கப்லருக்குக் கீழ டனல் தரையில கிடந்த துகள்கள்தான். மண்ணிறத்தில, காய்ஞ்ச உமி மாதிரி. விரலால எடுத்து நசுக்கினன், பொடியாப் போச்சு. மனிசி முன்னுக்கு இருந்து லீவரை ஆட்ட, கப்லரின்ர முன்பாதி வடிவா இடமும் வலமும் திரும்புது, பின்பாதி சும்மா நிக்குது. ரெண்டு புஷ்ஷில ஒண்டு இல்லவே இல்லை. இரும்பு ஊசி இரும்போட உரசி, ஓட்டை நீள்வட்டமா வரப்பாக்குது. மற்றப் புஷ்ஷில பாதிதான் மிச்சம்.

முன்னால லீவரைக் கழட்டினன், மூண்டு போல்ட். உருண்டைக் கிண்ணம் ஒரு பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் வெடிச்சிருக்கு. அதுக்குள்ள இருந்த கிறீஸ் மெழுகு மாதிரி.

இதைத்தான் அந்தக் கராஜில ஒருதரும் திறந்து பாக்கேல்லை. பத்து நிமிச வேலை. இவ்வளவு தேய்ஞ்ச பிறகும் இந்த வண்டி கியர் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கு எண்டு நினைக்க எனக்கு அந்தப் பெட்டி மேல மரியாதைதான் வருது.

இப்ப என்ன போடுறது? மணி அண்ணை சொல்லுற பேரிங் கப்லரா, ஒரிஜினல் பிளாஸ்ரிக்கா, இல்லாட்டி ஆரிட்டையாவது வெண்கலத்தில கடைஞ்சு எடுக்கிறதா?

---

கடைசல்காரர்_கோவை
மார்ச் 9, காலை 7.10

பத்து நிமிசத்துல கண்டுபுடிச்சீங்க பாருங்க, சந்தோசமுங்க.

பொருளைப் பத்திக் கேட்டீங்க. இதுல எனக்கு அனுபவம் இருக்கறதால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

நைலான்: கடைய சுலபம், விலை கம்மி. ஆனா ஈரம் குடிக்கும். டிரையா இருக்கறப்ப டைட்டா அளவு வெச்சுக் கடைஞ்சா மழைக்காலத்துல ஊதிப் புடிச்சுக்கும். அதுக்கு பயந்து லூசாக் கடைஞ்சா மொத நாள்லயே ஆட்டம். எங்கிட்ட வந்த புகார்ல பாதி இதுதானுங்க.

டெல்ரின், அதாவது அசிட்டால்: ஈரம் ரொம்பக் கம்மியாத்தான் குடிக்கும், அளவு மாறாது, தானே வழுக்கும். இந்த மாதிரி எடத்துக்கு என் மனசுக்குப் புடிச்சது இதுதான். சத்தத்தையும் ஓரளவு உள்ளயே நிறுத்திக்கும்.

கன்மெட்டல், வெண்கலம்: தேயாது. ஆனா ரெண்டு விசயம் மறக்காதீங்க. ஒண்ணு, கிரீஸ் காஞ்சா அது தேயாம அதோட ஊசியைத் தின்னும். ரெண்டு, பெட்டியோட அதிர்வு முழுசும் ராட் வழியா கைக்கு வந்துடும். டிராக் வண்டிக்குப் பரவாயில்ல. வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டிக்கு வேண்டாங்க.

உங்க ஊசி ஓட்டை நீள்வட்டமா வர ஆரம்பிச்சிருக்குன்னா பழைய கப்லருக்குப் புது புஷ் போடாதீங்க. ஓட்டை வட்டமா இல்லீன்னா எந்தப் புஷ்ஷும் நிக்காது. கப்லரையே மாத்திடுங்க.

---

பேஏரியா_மணி
மார்ச் 9, காலை 9.00

சத்தம் விஷயம் உண்மைதான், அதை முதல்லயே சொல்லியிருக்கணும். பேரிங் கப்லர் போட்டப்புறம் மூணாவது கியர்ல இழுக்கும்போது ஒரு சன்னமான ரீங்காரம் லீவர்ல வருது. எனக்குப் பிடிச்சிருக்கு, என் மனைவிக்குப் பிடிக்கல.

ஆனா வாங்கறதுல ஒண்ணு எச்சரிக்கை. ஆன்லைன்ல ஒரு கடைல மலிவா கிடைச்ச புஷ் செட் வாங்கி, கையால அழுத்தினாலே உள்ள போயிடுச்சு. அழுத்தமா உக்கார வேண்டியது அப்படிப் போகவே கூடாது. ரெண்டாயிரம் மைல் கூட தாங்கல. எது வாங்கினாலும் போர்ஷே பாகமாவோ, அளவு நம்பிக்கையா இருக்கற இடத்துலயோ வாங்குங்க.

---

மேப்பிள்_எஸ்சி
மார்ச் 9, இரவு 9.45

கழட்ட முதல் இதை வாசியுங்கோ தம்பி.

கப்லர் கிளாம்பைத் தளர்த்த முதல் ராட்டிலயும் கிளாம்பிலயும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கோ. பெயின்ற் பேனையால முடிஞ்சா ரெண்டு கோடு: ஒண்டு நீளவாக்கில, ஒண்டு கிளாம்ப் முடியிற விளிம்பில. தேய்ஞ்ச புஷ்ஷோட இருந்த அளவு புதுசுக்குச் சரியா வராது, ஆனால் தொடங்க ஒரு இடம் வேணுமே.

உருண்டைக் கிண்ணத்தைச் சுடுதண்ணியில நல்லா ஊறவிட்டுப் போடுங்கோ. குளிரா வைச்சுத் தட்டினால் வெடிக்கும். சுட்டுப் பிடிக்கத் துணி வைச்சுக்கொள்ளுங்கோ.

பெட்டித் தண்டுப் பக்கம் கப்லரைப் பிடிச்சு வைச்சிருக்கிறது கூர்நுனித் திருகு ஒண்டுதான். அந்த நுனி தண்டில இருக்கிற குழிக்குள்ள சரியா இறங்கோணும். குழிக்குப் பக்கத்தில இறுக்கினால் இறுகின மாதிரித்தான் இருக்கும், ஆனால் பிடிக்காது. எனக்கு அதுதான் நடந்தது. பாகங்கள் போட்டு மூண்டாம் நாள், 401 நெடுஞ்சாலையில நாலாவதில போய்க்கொண்டிருக்க, லீவர் கையில சும்மா தொங்கினது. பெட்டி நாலாவதிலயே நிண்டுபோச்சு. வெளியேறும் பாதையில கிளட்சைப் பாதி பாதியா விட்டு, விளக்குகளில மூச்சைப் பிடிச்சுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தன். அதுக்குப் பிறகு அந்தத் திருகுக்கு லொக்டைற் (திருகு தளராமல் பிடிக்கிற பசை) போடாமல் விட்டதே இல்லை. முதல் கையால சுத்தி, நுனி குழிக்குள்ள விழுகிறதை உணர்ந்து, கப்லரை முன்னும் பின்னும் அசைச்சுப் பாத்து, பிறகு இறுக்குங்கோ.

---

வடலி82
மார்ச் 22, இரவு 11.30

உதவி வேணும்.

புதுக் கப்லர் (போர்ஷே வடிவம், அசிட்டால் புஷ்), புதுக் கிண்ணம், புது வழிகாட்டிப் புஷ் எல்லாம் போட்டாச்சு. கூர்த்திருகு குழிக்குள்ள சரியா இறங்கினதைக் கையில உணர்ந்தன், அக்காவுக்கு நன்றி. நியூட்ரல் ஆட்டம் கால்வாசிகூட இல்லை.

ஆனால் இப்ப ரிவேர்ஸ் விழுகுதில்லை. அஞ்சாவதும் நுனியில தொட்டுக்கொண்டு நிக்குது. முதலாவதும் இரண்டாவதும் வெண்ணெய் மாதிரி விழுகுது. கோடு போட்ட அதே இடத்திலதான் இறுக்கினனான். பெட்டிக்குள்ள ஏதும் உடைஞ்சுபோச்சோ எண்டு பயமா இருக்கு. இரவு நித்திரை வராது போல.

---

கடைசல்காரர்_கோவை
மார்ச் 23, காலை 6.15

ஒண்ணும் ஒடையலைங்க. நிம்மதியாத் தூங்குங்க.

உங்க கப்லர் கிளாம்ப் ரெண்டு வேலையைச் செய்யுது. ராட்டைத் திருப்பி இறுக்கினா எல்லாக் கியரும் இடமோ வலமோ நகரும். ராட்டை முன்ன பின்ன தள்ளி இறுக்கினா முன்வரிசைக் கியருக்கும் பின்வரிசைக் கியருக்கும் ஆழம் மாறும்.

உங்க பெட்டில 1–2 இடது, 3–4 நடு, 5–ரிவர்ஸ் வலது. அஞ்சும் ரிவர்சும் ரெண்டுமே முரண்டு பிடிக்குது, ஒண்ணும் ரெண்டும் சுகமா விழுதுன்னா, லீவர் வலது பக்கம் முழுசாப் போயும் பெட்டிக்குள்ள வலது வரிசைக்கு எட்டலைன்னு அர்த்தம். அப்ப இது திருப்பற கோளாறு. நீளம் சரியாத்தான் இருக்குது. இதே 1, 3, 5 மட்டும் ஆழமா விழுந்து 2, 4, ரிவர்ஸ் மேலோட்டமா நின்னா அது நீளக் கோளாறு.

பழைய கோட்டுல இறுக்கினீங்க, அங்கதான் ஏமாந்தீங்க. அந்தக் கோடு தேஞ்ச புஷ்ஷுக்குத் தகுந்த மாதிரி யாரோ வெச்ச அட்ஜஸ்ட்மெண்ட்.

---

மேப்பிள்_எஸ்சி
மார்ச் 23, காலை 8.50

ஐயா வடிவா விளங்கப்படுத்திப்போட்டார். செய்யிற விதம் மட்டும் நான் சேர்க்கிறன்.

எஞ்சின் நிக்கோணும். கிளாம்ப் போல்டை முழுக்கக் கழட்டாமல், ராட் கையால திரும்பிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கோ. அக்காவின்ர கணக்கு: ஒரு தரத்துக்கு உங்கட கோட்டில இருந்து ஒரு மில்லிமீற்றர், அதுக்கு மேல இல்லை. இறுக்கி, கிளட்சை மிதிச்சு, ஆறு கியரையும் போட்டுப் பாருங்கோ. விழாட்டி வண்டியைச் சாடையா முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கோ, பல்லோட பல் முட்டிக்கொண்டு நிண்டாலும் அப்படித்தான் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினால் நல்லா வருது எண்டதைத் தாளில எழுதிக்கொண்டு போங்கோ. எனக்கு ஏழாவது தரம் சரிவந்தது.

கடைசியா, ஒவ்வொரு கியரிலயும் லீவரை விட்டுட்டு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கோ. எல்லாத்திலயும் கொஞ்சூண்டு இடம் மிச்சம் இருக்கோணும். ஒரு கியரில லீவர் டனலிலயோ ஸ்டொப்பரிலயோ முட்டி நிண்டால் அந்தக் கியர் முழுசா விழேல்லை. பாரத்தில ஓடேக்க வெளியில பாயும்.

---

வடலி82
மார்ச் 23, மாலை 7.05

ஐஞ்சாவது தரம்! மூண்டு மில்லிமீற்றர் திருப்பினன். ரிவேர்ஸ், அஞ்சு ரெண்டும் விழுகுது. ஆறு கியருக்கும் மிச்ச இடம் இருக்கு, தாளில குறிச்சு வைச்சிருக்கிறன். வெளியில எடுத்து ஊரைச் சுத்தி வந்தன். ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் என்னெண்டு நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை.

ஒண்டு மட்டும் மிச்சம். குளிரில முதல் பத்து நிமிசம் இரண்டாவது இன்னும் முறுகுது. சூடானால் இல்லை. இது புஷ் இல்லைத்தானே?

---

சிங்க்ரோ_நாதன் (சூரிச்)
மார்ச் 24, இரவு 9.20

கன நாளைக்குப் பிறகு ஒரு நல்ல இழை. நான் 915 பெட்டிகள் திறந்து செய்யிறனான், அதால இதில ஒரு சொல்.

தம்பி, இல்லை, அது புஷ் இல்லை. ஆனால் பெட்டியைத் திறக்கிற கட்டத்துக்கும் வரேல்லை. 915இல இருக்கிறது போர்ஷேயின்ர சொந்தச் சிங்க்ரோ. வெட்டு விட்ட உருக்கு வளையம் ஒண்டு, உள்ளுக்குப் பட்டைகள். கியர் போடேக்க வளையம் விரிஞ்சு உரசி, சுழற்சி வேகம் ரெண்டும் ஒண்டானால்தான் சுருங்கி வழி விடும். அந்தச் சமநிலைக்கு ஒரு கண நேரம் வேணும். 1987 மாடலில வந்த ஜி50 பெட்டியில போர்க்-வார்னர் வகைச் சிங்க்ரோ, அது கையின்ர வேகத்தை மன்னிக்கும். 915 மன்னிக்காது. லீவரை நடுவில கொண்டுவந்து, ஒரு மூச்சு பொறுத்து, விரல் நுனியால அழுத்திக்கொண்டு நிண்டால் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் பெரும்பாலும் முதல் தேயும், ஏனெண்டால் அதுக்குத்தான் வேக வித்தியாசம் கூட.

ஒயில் என்ன போட்டிருக்கு? முன்னைய சொந்தக்காரர் வழுக்கல் கூடின சிந்தெற்றிக் ஏதும் ஊத்தியிருந்தால் வளையத்துக்கு உரசப் பிடி கிடைக்காது. நான் போடுறது மினரல் 80டபிள்யூ-90, ஜிஎல்-5. ஒயிலை வடிக்கேக்க காந்தத் திருகைப் பாருங்கோ. மாவு மாதிரிப் படிஞ்சிருந்தால் பயப்பிடாதேங்கோ. துண்டு, சில்லு எண்டு கையில தட்டுப்பட்டால் எனக்கு எழுதுங்கோ.

மற்றது மவுண்ட். லீவர் பாடியில நிக்குது, பெட்டி றப்பர் மவுண்டில நிக்குது. றப்பர் இறங்கினால், கிளட்சை விடேக்க எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து தூக்கும், ராட்டின்ர நீளம் அந்த நேரத்துக்கு மாறினமாதிரி. எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு ஆரையாவது மெல்லக் கிளட்சை விடச் சொல்லிப் பாருங்கோ. எஞ்சின் குதிச்சால் மாத்துங்கோ.

ஷோர்ட் ஷிஃப்ட் பற்றி: நான் கையால திறந்து பாத்த தேய்ஞ்ச இரண்டாவது சிங்க்ரோக்களில கனக்க ஷோர்ட் ஷிஃப்ட் போட்ட வண்டிகளில இருந்து வந்தவை. கிட்டைக் குறை சொல்லேல்லை. தூரம் குறைய, கை அவசரப்படுது. வளையத்துக்கு வேண்டிய அந்த ஒரு மூச்சைக் கை குடுக்குதில்லை.

---

பேஏரியா_மணி
மார்ச் 25, காலை 7.15

நாதன் சார், மரியாதையோடதான் சொல்றேன். என் வண்டில நாலு வருஷமா ஷார்ட் ஷிஃப்ட். ரெண்டாவது கியர் இன்னும் சுத்தமா விழுது. கையை அடக்கத் தெரிஞ்சவனுக்கு கிட் கெடுதல் பண்ணாது. நல்ல ஷிஃப்டர்ல கேட் வழிகாட்டறதால அஞ்சுக்குப் போறப்ப தப்பு வரிசைல விழற வாய்ப்பே போயிடுது. அதிக சுழற்சில நாலுக்குப் பதிலா ரெண்டைப் போட்டு எஞ்சினை உடைச்சுக்கறதை யோசிச்சா, அது பெரிய பாதுகாப்பு.

---

சிங்க்ரோ_நாதன்
மார்ச் 25, இரவு 8.40

அது நியாயமான கதை மணி. தப்பு வரிசையில விழுகிறதுதான் பெட்டியை விட எஞ்சினைக் கொல்லுறது. கேட் உள்ள ஷிஃப்டரைப் போடலாம், தூரத்தைக் குறைக்காமல். என்ர எதிர்ப்பு தூரத்தைக் குறைக்கிறதுக்கு மட்டும்தான்.

வடலி, எச் தட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர். அந்தக் காலத்திலயே இருந்த வகை மாற்றங்களை ஏற்றுக்கொள்ளுவினம். போர்ஷே பாகப் பட்டியலில வந்த ஷோர்ட் ஷிஃப்ட் ஒண்டு இருக்கு, போடுறதெண்டால் அதைப் போட்டுப் பழையதைப் பெட்டியில பத்திரமா வைச்சிரும். வெளியில தெரியிற புதுக்கால அலுமினிய ஷிஃப்டர் எண்டால், வாங்க முதல் உங்கட பரிசோதகரிட்டை ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறது நல்லது.

---

வடலி82
ஜூன் 14, இரவு 10.00

மூண்டு மாசம் கழிச்சு வாறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வேலை.

ஒயில் மாத்தினன். வடிச்சது தேன் மாதிரி மெல்லிசா, வாசமே வேற. முன்னையவர் சிந்தெற்றிக்தான் ஊத்தியிருக்கிறார். காந்தத்தில சாம்பல் மாவு மட்டும், சில்லு இல்லை. மினரல் போட்டு ஒரு கிழமைக்குள்ள குளிர் முறுகல் பாதியாக் குறைஞ்சது.

பிறகு மவுண்ட். நாதன் அண்ணை சொன்னபடி மனிசியைக் கிளட்சை விடச் சொல்லிப் பாத்தன். எஞ்சின் ரெண்டு விரல் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. நாலு மவுண்டும் புதுசு. மாத்தின பிறகு கிளாம்பை இன்னும் ஒரு மில்லிமீற்றர் நீளவாக்கில திருத்த வேண்டியிருந்தது, ஏனெண்டால் பெட்டி மேல எழும்பிட்டுது. மவுண்ட் மாத்துற ஆக்கள் இதைக் கவனத்தில வைச்சிருங்கோ, முதல் மவுண்ட், பிறகு கப்லர் எண்டு செய்திருந்தால் எனக்கு ஒரு தரத்து வேலை மிச்சம்.

கிளட்ச் கேபிளையும் பாத்தன். எங்கட எஸ்சியில இடைவெளி பெட்டிப் பக்கக் கையில சுமார் 1 மி.மீ. இருக்கோணும், பெடலில தெரியாது. எனக்குக் கிட்டத்தட்ட இல்லாமல் இருந்தது. இப்ப சரி.

ஷோர்ட் ஷிஃப்ட் போடேல்லை. போன ஞாயிறு ஸ்வேபிஷ் ஆல்ப் பக்கம் ஏறினம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால மூண்டில இருந்து இரண்டுக்கு எடுத்தன். நாதன் அண்ணை சொன்ன அந்த ஒரு மூச்சு பொறுத்தன். விரலுக்குக் கீழ வளையம் பிடிக்கிறது தெரிஞ்சது, பிறகு தானே உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போச்சு. பக்கத்தில இருந்த மனிசி "இப்ப கியர் மாத்தினீங்களோ?" எண்டு கேட்டா.

1981இல பீற்றர் ஷூற்ஸ் போர்ஷே தலைவரா வந்து, சுவரில இருந்த உற்பத்தித் திட்ட வரைபடத்தில 911இன்ர கோட்டை நீட்டிவிட்டிராட்டில் இந்த வண்டியோட 911 முடிஞ்சிருக்கும் எண்டு சொல்லுவினம். அந்த வளைவுக்குள்ள அதைத்தான் நினைச்சுக்கொண்டு போனன்.

மொத்தச் செலவு அந்தக் கராஜ் சொன்னதில பத்தில ஒரு பங்குகூட வரேல்லை.

---

மேப்பிள்_எஸ்சி
ஜூன் 15, காலை 7.55

வாசிக்க எவ்வளவு சந்தோசம் தம்பி!

கூர்த்திருகை ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு ஒருக்கா இறுக்கிப் பாத்தனீங்களோ? பாக்காட்டி இந்தச் சனிக்கிழமை கார்ப்பெற்றைத் தூக்குங்கோ.

---

வடலி82
ஜூன் 15, மாலை 6.30

பாத்தாச்சு அக்கா. அசையேல்லை. கார்ப்பெற்றை இந்த முறை ஒட்டேல்லை, வெல்க்ரோ போட்டிருக்கிறன்.